மணிக்கொரு கையெழுத்து

எங்கள் கல்லூரிக் கணினிக் கூடத்தில் நாற்பது இருக்கைகள். வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை. அங்கே ஷிஃப்ட் பார்க்கும் மாணவர்களுக்கு என்னதான் வேலை என்று கேட்டால், ஏசியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்களை ஒரே ஒரு நாள், கட்டுரை ஒப்படைக்கக் கடைசி நாளாகப் பார்த்து, எங்கள் பிரிண்டர் பக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டும். பேப்பர் சிக்கியது அந்த மெஷினின் குற்றம் இல்லை, எங்கள் குற்றம் என்றுதான் வருகிறவன் எல்லாம் முறைப்பான்.

வேலை இதுதான். வந்ததும் கதவைத் திறந்து விளக்கைப் போட வேண்டும். ஈரத் துணியால் கீபோர்டுகளைத் துடைக்க வேண்டும். தொலைந்துபோன பென் டிரைவ்களை நேரம் எழுதி டப்பாவில் போட வேண்டும். பிறகு மணிக்கு ஒரு முறை எழுந்து அறையைச் சுற்றி வர வேண்டும். தலைகளை எண்ண வேண்டும், சாப்பிடுகிறவனை வெளியே அனுப்ப வேண்டும், தூங்குகிறவனை எழுப்ப வேண்டும், செத்துப்போன மெஷினைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதி, கீழே இரண்டு கையெழுத்து. எண்ணியவர், சரிபார்த்தவர்.

அந்த இரட்டைக் கையெழுத்து, ஒரு மானிட்டர் காணாமல் போனதற்குப் பிறகு வந்த சட்டம். ஒருத்தர் தனியாக இருந்தால் திருடுவார், இரண்டு பேர் இருந்தால் வெட்கப்படுவார்கள் என்பது எங்கள் மேற்பார்வையாளரின் நினைப்பு. அவரை நாங்கள் சர்வர் என்போம். அவசரத்துக்குக் கூப்பிட்டால் ஒரு நாளும் கிடைக்க மாட்டார்.

என்னோடு சனிக்கிழமை ஷிஃப்ட் பார்த்தவளுக்குப் பட்டப்பெயர் டோனர். பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டு மைக்கூட்டை மாற்றுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. மாற்றிவிட்டு அதே கையால் மூக்கைச் சொறிந்துகொள்வாள். மூக்கில் கரியோடு வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். யாராவது சிரித்தால், "முகத்துல கரி பூசாம எவனாவது வேலை செஞ்சிருக்கானா?" என்று கேட்பாள். நானும் அவளும் ஒரே வகுப்பு. இரண்டு வருடமாக ஒரே சனிக்கிழமை.

அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு தடவைகூட அறையைச் சுற்றியதில்லை. கவுன்டரில் இருக்கும் கணினியில் எந்த இருக்கையில் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும், தலைகளை எண்ணியதாக ஆகிவிடும். ஒருத்தி புள்ளியை எண்ணுவாள், ஒருத்தி தூங்குவாள், அல்லது படிப்பாள். விழித்திருப்பவள் இரண்டு கையெழுத்தையும் போட்டுவிடுவாள். அவள் கையெழுத்து எனக்கு அத்துப்படி. முதல் எழுத்துக்கு ஒரு பெரிய சுழி, கடைசியில் வால், வாலுக்குக் கீழே இரண்டு புள்ளி. "என்னைவிட நீதான்டி நல்லா போடறே" என்று அவளே மெச்சியிருக்கிறாள். நாங்கள் மட்டும் இல்லை, எல்லா ஷிஃப்டிலும் இதுதான் நடப்பு. சர்வருக்கும் தெரிந்திருக்கும். மாதக் கடைசியில் கட்டங்கள் நிரம்பியிருந்தால் அவருக்குப் போதும்.

தூங்குவதற்கு நாற்பதாம் இருக்கை. கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால், கவுன்டரிலிருந்து பார்த்தால் முதுகில் பாதிதான் தெரியும். அங்கே மெஷின் நன்றாகத்தான் ஓடும். ஆனால் மானிட்டரில் 'பழுது, பயன்படுத்த வேண்டாம்' என்ற அட்டையைத் தொங்கவிட்டுவிட்டால் ஒரு ஈ காக்கைகூட அந்தப் பக்கம் வராது. பழுதான மெஷினுக்கு முன்னால் யாரோ தலை கவிழ்ந்து கிடந்தால், மெஷினைப் பழுது பார்த்துக் களைத்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஷிஃப்ட் ஆரம்பித்தது. டோனர் வரும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு நாளா விடாம வலிக்குதுடி. கழுத்துல ஒரு பக்கம் இழுக்குது."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன். இப்ப மாத்திரைக்கே தலைவலி வந்திருக்கும்."

"போய்ப் படு. நான் பார்த்துக்கறேன்."

"ரெண்டு மணிக்கு எழுப்பிவிடு. அப்புறம் நீ படு."

"சரி தாயே."

"வாய்ல சொல்லாதே. நிஜமா எழுப்பு. உடம்பு என்னமோ மாதிரி இருக்கு, தூங்கினா தூங்கிட்டே இருப்பேன்போல."

"எழுப்பறேன்னு சொல்றேன்ல, போடி."

அவள் அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அப்போது ஒரு பையன் கீழே கிடந்த பென் டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நேரம் எழுத வேண்டும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபது. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது தூணுக்குப் பின்னால் அவள் முதுகு தெரிந்தது.

ஒரு மணிக்குப் புள்ளிகளை எண்ணினேன். முப்பத்தொன்று. எழுதினேன். என் கையெழுத்து, அவள் கையெழுத்து.

ஒன்றரைக்கு மேல் கூட்டம் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை அச்சடிக்க ஊரே திரண்டு வந்திருந்தது. பிரிண்டர் மூன்று பக்கத்துக்கு ஒரு முறை முறுக்கிக்கொண்டு நின்றது. ஒருத்தி என் பக்கங்கள் எங்கே என்கிறாள், ஒருத்தன் என் பக்கத்தில் கோடு விழுகிறது என்கிறான். நான் அவர்கள் எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே தட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி ஆனது எனக்குத் தெரியும். கூட்டத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் மறக்கவில்லை. அவளை எழுப்பத்தான் எழுந்து போனேன். மூன்றாம் வரிசை தாண்டும்போதே குறட்டை கேட்டது. சாதாரணக் குறட்டை இல்லை. பலகையை ரம்பத்தால் இழுப்பதுபோல், இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. பக்கத்து வரிசையில் இருந்த முதலாண்டு மாணவி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அங்க யாருக்கா? பிரிண்டரைவிட சத்தமா இருக்கு."

"அதுவும் ஒரு பழைய மெஷின்தான். ஆயில் போடணும்" என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அங்கேயே நின்றேன். இன்னும் இரண்டு வரிசை நடந்திருந்தால் போதும். அவ்வளவு அசந்து தூங்குகிறவளை எழுப்ப மனம் வரவில்லை என்று சொல்லலாம், அது உண்மை. அதோடு இன்னொன்றும் உண்மை. அவளைத் தூங்கவிட்டு, என் முறையை விட்டுக்கொடுத்து, இந்தக் கூட்டத்தை ஒற்றை ஆளாகச் சமாளித்துவிட்டு, ஐந்து மணிக்கு அவளிடம் அதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. பெரிய தியாகி நான். கவுன்டரில் யாரோ "ஹலோ" என்று கத்தினார்கள். திரும்பிப் போய்விட்டேன்.

இரண்டு மணிக் கட்டத்தில் நாற்பது இருக்கையும் ஒழுங்கு என்று எழுதி, இரண்டு கையெழுத்துப் போட்டேன். மூன்று மணிக்கும் போட்டேன். நான்கு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. அப்போது குறட்டைச் சத்தம் இல்லை. ஒரு வழியாக நிறுத்தினாள் மகாராணி என்று நினைத்தேன். அந்த நான்கு மணிக் கையெழுத்து மிக அழகாக வந்தது. சுழி வட்டமாக, வால் நீளமாக, இரண்டு புள்ளியும் அளவெடுத்ததுபோல.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூடப்போகிறோம் என்று குரல் கொடுத்தேன். எல்லோரும் போனபின் முதல் வரிசையிலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே பின்னால் போனேன்.

"எழுந்திரு. ஆபீஸ் மூடியாச்சு. உனக்காக நான் இன்னைக்குப் பட்ட பாட்டை நீ ஒரு மாசம் கேக்கணும்."

அவள் அசையவில்லை. தோளைத் தட்டினேன். தலை மேசையில் வழுக்கி என் பக்கம் திரும்பியது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. எச்சில் கீபோர்டின் மேல் வழிந்து காய்ந்திருந்தது. நாற்காலி நனைந்திருந்தது. வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது, அது அவளுடையதே இல்லை என்பதுபோல. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது.

அவள் பட்டப்பெயரையும் நிஜப் பெயரையும் மாற்றி மாற்றிக் கத்தினேன். "ங்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கு சர்வர் ஒரே அழைப்பில் கிடைத்தார். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஓடிவந்தார், அவளைப் பார்த்தார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்து அவளை ஏற்றும்போது கவுன்டரிலிருந்த ரிஜிஸ்டரை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாளைக்கு யாராவது கேட்டால் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் அவருக்கு.

மருத்துவமனையில் அவளை நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். "கொஞ்சம் மயக்கம்மா, வந்துடுங்க" என்று பாதியைச் சொன்னேன். அம்மா வரும்வரை வாசலில் நின்றேன். தையல் வேலை செய்பவர். மெஷினிலிருந்து எழுந்த கையோடு வந்திருந்தார், கழுத்தில் இஞ்ச் டேப் அப்படியே தொங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடி வலித்தது.

"சாப்பிடாம கிளம்பினா. நான் அப்பவே சொன்னேன். பசி மயக்கம்தானே?"

நான் தலையை ஆட்டினேன்.

உள்ளே போனபோது மணி ஆறு. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு இளம் டாக்டர் நின்றிருந்தார். வேகமாகப் பேசுகிற பெண். சர்வர் ரிஜிஸ்டரை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா நீங்களா? கவனமா கேளுங்க" என்றார் டாக்டர். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. ஸ்கேன் பார்த்தாச்சு. அதனாலதான் வலது பக்கம் கை, கால், பேச்சு எதுவும் வரல. அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா பலன் இருக்கும். உங்க பொண்ணு நாலு மணி வரைக்கும் நல்லா இருந்திருக்காங்க. ரெண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கு. நேரம் இருக்கு, போட்டுடலாம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நாலு மணிக்கு அவங்க கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்காங்க டாக்டர், இதோ பாருங்க" என்றார் சர்வர். அவர் விரல் அந்தச் சுழியின் மேல் இருந்தது. "கொஞ்சம்கூட நடுக்கம் இல்ல."

அம்மா, "போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

"சீக்கிரம் போட்டா வாய்ப்பு அதிகம். லேட்டா போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்து. அதனாலதான் நேரம் இவ்வளவு முக்கியம்."

நர்ஸ் மருந்தைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அம்மா பேனாவை வாங்கினார்.

நான் உடனே வாயைத் திறந்தேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். திறக்கவில்லை. அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். எங்கே போடுவது என்று கேட்டார். டாக்டர் இடத்தைக் காட்டினார். அவ்வளவு நேரமும் நான் நின்றேன். ஒருவேளை அவளுக்கு நான்கு மணிக்கு மேல்தான் வந்திருக்குமோ என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்போது அந்தக் குறட்டை என் காதில் கேட்டது. இரண்டு மணிக்குக் கேட்டது தூக்கம் இல்லை.

"அது அவ கையெழுத்து இல்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. சர்வர்தான் முதலில் திரும்பினார். "என்னம்மா உளர்றே?"

"நான் போட்டது. நாலு கட்டத்திலயும் நான்தான் போட்டேன். எப்பவும் அப்படித்தான் போடுவோம். அவ தூங்கிட்டு இருந்தா."

டாக்டர் அம்மாவின் கையிலிருந்த தாளைப் பட்டென்று பிடித்தார். "அப்போ அவங்க பேசி, நடந்து, நீ கடைசியா பார்த்தது எப்போ?"

"பன்னெண்டு இருபது."

"நல்லா தெரியுமா?"

"தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்துத் தலையை அசைத்தார். நர்ஸ் மருந்தைத் தட்டில் வைத்தார். கண்ணாடிக் குப்பி உலோகத்தில் பட்டு 'டிங்' என்றது.

"நடுவுல யாரும் ஒரு தடவைகூட எழுப்பிப் பார்க்கலையா? ரெண்டு மணிக்கு, மூணு மணிக்கு?"

"இல்ல."

"ரெண்டு மணிக்குப் பார்த்திருந்தாகூட..." என்று ஆரம்பித்தவர் அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி. நீ இப்ப சொன்னது நல்லது. சொல்லாம இருந்திருந்தா பெரிய தப்பு நடந்திருக்கும்."

அம்மா இன்னும் பேனாவைப் பிடித்திருந்தார். "ஊசி போடலையா? நான் இன்னும் கையெழுத்தே போடலையே" என்றார்.

டாக்டர் அந்தத் தாளை மடித்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கையில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.

டோனர் பிழைத்தாள். மருத்துவமனை வாசலில் என்னைப் பார்த்த ஒவ்வொருவரும் அதை என்னிடம்தான் சொன்னார்கள், ஏதோ நான் பிழைக்க வைத்ததுபோல. கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். நீளமான மேசை, ஐந்து பேர், தண்ணீர் பாட்டில்கள். கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அட்டை விஷயத்தைச் சொன்னேன். புள்ளி எண்ணுவதைச் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தவறு செய்தாலும் தக்க நேரத்தில் உண்மையைச் சொன்ன துணிவு பாராட்டுக்குரியது" என்று எழுதச் சொன்னார். நான் எழுந்து வந்தேன். அவர் முகத்தில் ரிஜிஸ்டரை விட்டெறிய வேண்டும்போல் இருந்தது. என்ன எழுதினாலும் நம்பிவிடுகிறார்கள் இந்த மனிதர்கள். இரண்டு மணிக்கு எழுப்பச் சொன்னாளா என்று ஐந்து பேரில் ஒருத்தருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

சர்வர் புது விதி போட்டார். இனிமேல் மணிக்கு மூன்று கையெழுத்து.

பதினோராம் நாள் அவளைப் பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அதற்கு முன் நான்கு தடவை போய் வாசலோடு திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு அம்மா என்னைப் பார்த்துவிட்டார். ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பிடி இப்போது வலிக்கவில்லை. பதினோரு நாளில் மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள்.

"பாரு, யார் வந்திருக்கான்னு பாரு" என்றார் மகளிடம்.

டோனரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். தலைமுடியை இரண்டாகப் பிரித்துப் பின்னிவிட்டிருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போல. வலது கை ஒரு துணிச்சுருளின் மேல் வைக்கப்பட்டிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மூக்கில் கரி இல்லை.

"காலைல டாக்டர் வந்தாரு" என்றார் அம்மா. "நாம பேசறது எல்லாம் அவளுக்கு நல்லா புரியுதாம். ஒரு எழுத்து விடாம புரியுதாம். திருப்பிச் சொல்லத்தான் வரல. கையைத் தூக்குன்னா இடது கையைத் தூக்கறா. கண்ணை மூடுன்னா மூடறா. இல்லடி கண்ணு?"

அவள் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் பிரிண்டரைப் பற்றிப் பேசினேன். அவள் இல்லாமல் அது யாருக்கும் அடங்க மாட்டேன் என்கிறது என்றேன். அம்மா சிரித்தார். ஒரு கரண்டிக் கஞ்சியை மகளின் வாயில் வைத்தார், பாதி வெளியே வழிந்தது, துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ தப்பா எடுத்துக்காதே."

"கேளுங்கம்மா."

"அவ படுக்கறதுக்கு முன்னாடி எதாவது சொன்னாளா? உடம்பு முடியலன்னு, எழுப்பிவிடுன்னு... எதாவது?"

இதோ, கேட்டுவிட்டார்கள். பதினோரு நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. யாராவது கேட்டால் சொல்லிவிடலாம், கேட்காததால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவின் கழுத்து எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. கரண்டியைப் பிடித்தபடி அவர் காத்திருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "தலை வலிக்குதுன்னு மட்டும்தான் சொன்னா."

அம்மா மூச்சை விட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினார்.

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். யார்கிட்டயும் எதையும் வாய் திறந்து கேக்க மாட்டா. சின்ன வயசுல இருந்தே அந்த வீம்பு" என்று சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார். குரலில் கோபமும் அழுகையும் கலந்திருந்தது. "ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? எழுப்பிவிடுன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ எழுப்பியிருக்க மாட்டாளா? எழுப்பியிருப்பாளே."

டோனரின் இடது கை போர்வையைப் பிடித்தது. வாய் திறந்தது. நல்ல பக்கத்து உதடு மட்டும் துடித்தது. "ங்" என்றாள். கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும், "ங்... ங்..." என்றாள். அம்மா பயந்துபோய் அவள் நெஞ்சை நீவிவிட்டார்.

"சரி சரி, திட்டல. அம்மா உன்னைத் திட்டல. எதுக்குடி அழறே?"

கண்ணீர் அவளுக்கு இரண்டு கண்ணிலும் வந்தது. அவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "உன்னைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கல. அடிக்கடி வாம்மா, நீ வந்து பேசினா நல்லா இருக்கும்" என்றார். நான் வருகிறேன் என்றேன்.